இருக்கைக்கு அடியில் எழுதிய பெயர்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொலோன்யா மலைமேல் இருக்கிற சான் லூக்கா மாதா சாட்சி. மாதா போதாதென்றால் ஃபாயென்சா சாலையில் மதுக்கடை வைத்திருக்கும் கஸாதியோ சாட்சி. அவன் பொய் சொல்வதாக இருந்தால் இதைவிடச் சின்னதாகத்தான் சொல்வான்.

லெயார்கோ மொந்துஸ்கி, சவொரானி அணியில் பத்தொன்பது வருஷமாக கியர்பாக்ஸ் பார்த்தவன். அணி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் உலகத்தின் மேல்மாடியில் ஓடுகிற கூட்டம்தான் அது. ஆனால் மேல்மாடியில் துணி காயப்போடுகிற மூலை என்று ஒன்று இருக்குமே, அங்கே. ஆறாவதாக வருகிறவன் வரைக்கும் புள்ளி உண்டு. சவொரானி வண்டி நான்கு தடவை ஏழாவதாக வந்திருக்கிறது.

அந்த ஜனவரியில் முதலாளி உல்தெரிகோ சவொரானி எல்லோரையும் பட்டறை நடுவில் கூப்பிட்டு நிற்க வைத்தார். தரையில் பதிக்கிற ஓடு சுடும் சூளையும் அவருடையதுதான்; பேசும்போது ஓடு தட்டிப் பார்ப்பதுபோல மேஜையைத் தட்டிக்கொண்டே பேசுவார்.

"இந்த வருஷத்து எஸ்-19தான் கடைசி வண்டி. இதுக்கப்புறம் சவொரானி வண்டின்னு ஒண்ணு கிடையாது. ஒரே ஒரு வண்டிதான் கட்டறோம். உதிரி வண்டியும் கிடையாது."

சிலர் அழுதார்கள். லெயார்கோவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. காரணம் இருந்தது.

பட்டறையில் ஒரு வழக்கம். வண்டியின் கறுப்புக் கூடு பூட்டித் தயாரானதும், இருக்கையை உள்ளே வைப்பதற்கு முன்னால், அந்த வண்டியின் தலைமை மெக்கானிக் கூட்டின் தரையில் பென்சிலால் தன் பெயரை எழுதுவான். அதன்மேல் இருக்கை உட்காரும், இருக்கைமேல் ஓட்டுநர் உட்காருவான். பெயரை யாரும் பார்க்க மாட்டார்கள். அதுதான் அதன் பெருமையே. உதிரி வண்டியில் மட்டும் யாரும் எழுதுவதில்லை. அது பந்தயத்தில் ஓடாத வண்டி. அவர்கள் அதைக் 'கோவேறு' என்பார்கள். லெயார்கோ கியர்பாக்ஸ் வேலை போக, பத்தொன்பது வருஷமும் கோவேறுக்குப் பொறுப்பு.

பந்தய வண்டிக்குப் பொறுப்பு சவுரோ ரவாயோலி. எஞ்சின் ஆள். தொப்பையும் மீசையும் உண்டு, தொலைக்காட்சிக்காரன் வந்தால் சரியாகக் கேமராவுக்கு நடுவில் ஏதாவது ஒரு போல்ட்டை முடுக்கத் தொடங்குகிற திறமையும் உண்டு. எஞ்சின் கத்தும், ஊர் கூடிக் கேட்கும். கியர்பாக்ஸ் கத்தினால் அது பழுது. லெயார்கோவின் வாழ்க்கையே இந்த ஒரு வித்தியாசத்தில் வெந்துகொண்டிருந்தது. பதினெட்டு வண்டிகளில் பதினெட்டு தடவை 'சவுரோ' என்று எழுதப்பட்டதை அவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு தடவை பென்சிலை அவனே சீவிக் கொடுத்தான்.

ஆகவே அவன் போட்ட கணக்கு இது: ஒரே வண்டி என்றால் பந்தய வண்டியும் அதுதான், கோவேறும் அதுதான். பாதி உரிமை தன்னுடையது. அதுவும் கடைசி வண்டி.

முதலாளி மேஜையைத் தட்டினார். "தலைமை மெக்கானிக் சவுரோ."

"முதலாளி," என்றான் லெயார்கோ, "அப்ப நான்?"

"உனக்குத்தான் கியர்பாக்ஸ் இருக்கேய்யா."

"அதுதான் எப்பவும் இருக்கே."

சவுரோ மீசையைத் தடவிக்கொண்டே திரும்பினான். "கவலப்படாத லெயார்கோ. கழுத மேய்ச்சவனுக்கு லீவு கொடுத்திருக்காங்க. சந்தோஷமா இரு."

சிரித்தவர்கள் பெயரை எல்லாம் லெயார்கோ மனதில் எழுதிவைத்துக்கொண்டான். அந்த வாரத்தில் நடந்தது மருத்துவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பந்தய வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் எண்ணெயைச் சுடவைப்பது முறை. அதற்கென்று ஹீட்டர் உண்டு. அந்த வாரம் யாரும் ஹீட்டரைத் தேடவில்லை. எண்ணெய் டின்னைக் கொண்டுபோய் லெயார்கோவின் மடியில் வைத்துவிட்டு, "சவுரோ எவ்வளவு நல்லா வேலை செய்றான் பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கால் மணி நேரத்தில் எண்பது டிகிரி. எண்பத்தைந்து என்கிறவர்கள் மிகைப்படுத்துகிறார்கள்.

வீட்டில் இரிதே சூப்பைப் பரிமாறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இரிதே அவன் மனைவி. அதே பட்டறையில் கார்பன் அறையில் வேலை. கறுப்புத் துணியை வெட்டி, அச்சில் அடுக்கடுக்காகப் பதித்து, பிசின் பூசி, சூட்டறையில் வைத்து எடுப்பாள். வண்டியின் கூடு அவள் கையிலிருந்துதான் வெளியே வரும். அறைக்குள் தூசி ஆகாது என்பதால் அங்கே புகைப்படக்காரர்களுக்கு அனுமதி இல்லை. அவளும் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எழுதினா என்ன, எழுதலேன்னா என்ன? சீட்டுக்கு அடியில யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

"சீட்ட வச்சதுக்கப்புறமுமா?"

"எனக்குத் தெரியும்ல, அடியில அவன் இருக்கான்னு. அது போதாதா சாப்பாடு இறங்காம இருக்க?"

"சூப்புத்தானே மனுஷா, தானா இறங்கும். குடி."

மார்ச் முதல் வாரம் கூடு தயாரானது. சவுரோ எல்லோர் முன்னாலும் தரையில் 'சவுரோ' என்று எழுதினான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் லெயார்கோ கூட்டுக்குள் தலைகீழாக இறங்கி, அதை நைஸான உப்புக்காகிதத்தால் தேய்த்து எடுத்துவிட்டு 'லெயார்கோ' என்று எழுதினான். மறுநாள் காலையில் பார்த்தால் 'சவுரோ'. மத்தியானம் 'லெயார்கோ'. ஒருவரிடம் ஒருவர் இதைப் பற்றிப் பேசவில்லை. காலையில் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள், காப்பியைக்கூடப் பகிர்ந்துகொண்டார்கள். மூன்று வாரம் இது நடந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் கூட்டை எடை போட்ட வடிவமைப்பாளர் நாற்பது கிராம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் சாமர்த்தியம்தான் என்று எடுத்துக்கொண்டு முதலாளியிடம் ஒரு பாராட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்து இருக்கை.

பந்தய வண்டியின் இருக்கை கடையில் வாங்குகிற பொருள் இல்லை. கூட்டுக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, அதில் ஓட்டுநரை உட்கார வைத்து, இரண்டு திரவங்களைக் கலந்து பைக்குள் ஊற்றுவார்கள். நுரை பொங்கி அவன் முதுகையும் இடுப்பையும் சுற்றி எழும்பும், இருபது நிமிடத்தில் இறுகிவிடும். அவன் உடம்பின் அச்சு அப்படியே கிடைக்கும். அதுவரை மூச்சுக்கூட அளவாகத்தான் விடவேண்டும்.

ஆனால் ஓட்டுநர் ரூடி ஹாஸ்லிங்கர், ஆஸ்திரியாக்காரன், வியன்னாவில் மாட்டிக்கொண்டிருந்தான். பொலோன்யா விமான நிலையத்தில் மூடுபனி. ஆட்கள் தங்கள் பெட்டியைத் தொட்டுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். வண்டியோ வெள்ளிக்கிழமை சோதனை ஓட்டத்துக்குப் போயாக வேண்டும்.

முதலாளி ரூடியின் அளவுச் சீட்டை எடுத்துக்கொண்டு, ஓடு அளக்கிற கருவியோடு வரிசையாக எல்லோர் பின்புறத்தையும் அளந்தார். சவுரோவிடம் வந்ததும் கருவி திறக்கிற அளவு போதவில்லை.

"சவுரோ, உன்ன வச்சு அச்சு எடுத்தா ரெண்டு ரூடி உக்காரலாம்."

லெயார்கோவை அளந்தார். நிமிர்ந்தார். மறுபடி அளந்தார். "முந்நூத்து நாப்பத்து நாலு மில்லி. ஒரு மில்லி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. யோவ், ஏறு வண்டியில."

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக லெயார்கோவிடம் இருந்த ஒன்று சவுரோவிடம் இல்லை. சவுரோவின் முகம் அவனுடைய எஞ்சின் எண்ணெய் நிறத்துக்குப் போயிற்று. லெயார்கோ மிக மெதுவாக, எல்லோரும் பார்க்கும்படியாக ஏறினான்.

"பாத்துக்க," என்றான் சவுரோ, வாளியில் திரவத்தைக் கலக்கிக்கொண்டே, "நீ உக்கார்றது மேல. என் பேரு கீழ. அதாவது நீ என் தலைல உக்காரல, நான் உன்னத் தாங்கறேன்."

"நீ கலக்கு. கட்டி விழாம கலக்கு."

இந்த அவசரத்தில்தான் அந்தத் தவறு. அச்சுக்கு உட்காருகிறவன் பாக்கெட்டில் எதுவும் இருக்கக்கூடாது என்பது பட்டறைக்குள் துடைக்க வருகிற பெண்மணிக்குக்கூடத் தெரியும். லெயார்கோவின் வலது பின்பாக்கெட்டில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் இருந்தது. அது அங்கே பத்தொன்பது வருஷமாக இருந்ததால் அவனுக்கு அது ஸ்பானர் என்றே தோன்றவில்லை. எலும்பு மாதிரி ஆகிவிட்டது. மெக்கானிக்குகள் ஒருவர் கருவியை ஒருவர் சுடாமலிருக்கப் பெயர் பொறித்து வைப்பார்கள். அந்த ஸ்பானரிலும் 'லெயார்கோ' என்று இருந்தது.

இருபது நிமிடம் கழித்து அவன் எழுந்தான். இருக்கையை வெளியே எடுத்தார்கள். வலது இடுப்புப் பக்கம் ஸ்பானர் வடிவத்தில் சுத்தமான குழி. குழிக்குள், பாக்கெட் துணியையும் பிளாஸ்டிக் பையையும் தாண்டி, எழுத்துகள் இடவலம் மாறி: லெயார்கோ.

சவுரோதான் முதலில் கேட்டான். "முதலாளி, இன்னொண்ணு ஊத்தலாமா?"

"நுரை டின் அதுதான் கடைசி. கடைசி வண்டிக்கு எல்லாமே கடைசிதான்."

லெயார்கோ அன்று இரவு இரண்டு தட்டு பாஸ்தா சாப்பிட்டான். "பென்சில் அழியும்," என்றான் இரிதேயிடம். "நுரை அழியுமா?"

"அச்சு பிசகிப்போச்சுன்னு சந்தோஷப்படற முத மெக்கானிக் நீதான்."

மறுநாள் அவள்தான் அந்த இருக்கையைச் சீவி, துணி சுற்றி, பிசின் பூசி, கூட்டுக்குள் பொருத்தினாள். அது கார்பன் அறை வேலை.

வியாழக்கிழமை ரூடி வந்தான். உட்கார்ந்தான். நெளிந்தான். "இங்க ஒரு குழி இருக்கு," என்றான். தக்கையை வெட்டி வைத்துப் பார்த்தார்கள். துணி, தோல், சவுரோவின் தொப்பி, எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ரூடி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் லெயார்கோ பின்பாக்கெட்டில் கை விட்டு ஸ்பானரை எடுத்துக் குழியில் வைத்தான். 'டக்' என்று உட்கார்ந்தது. ரூடியின் முகம் மலர்ந்தது.

"இப்ப சரியா இருக்கு. இத எடுக்காதீங்க."

அன்றிலிருந்து எண்ணெய் டின்னை சவுரோவின் மடியில் வைத்தார்கள். எழுபது டிகிரிதான் வந்தது, ஆனாலும் முதல் முயற்சிக்கு மோசமில்லை. தொலைக்காட்சிக்காரனிடம் ரூடி ஸ்பானரைக் காட்டினான். கேமரா முதல் தடவையாக லெயார்கோவைத் தேடி வந்தது. பின்னால் சவுரோ போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான், யாரும் பார்க்கவில்லை.

இமோலா. சொந்த ஊர் பந்தயம். வீட்டிலிருந்து கால் மணி தூரம். எஸ்-19 இருபத்தாறாவது இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். இருபத்தேழாவது இடம் கிடையாது.

வரிசையில் வண்டி நின்றபோது ரூடி தண்ணீர் குடிக்க இறங்கினான். லெயார்கோ டயருக்குக் குனிந்து நிமிர்வதற்குள் சவுரோ பதிமூன்றாம் நம்பரை உருவிவிட்டு, தன் பெயர் பொறித்த பதினைந்தாம் நம்பரைக் குழியில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

"யோவ்! கைய எட்றா!"

"என் வண்டி. நான்தான் தலைமை."

"தலைமைன்னா பதிமூணுல பதினஞ்சு போவுமாடா? பள்ளிக்கூடத்துல எண்ணிக்கை சொல்லித் தரலியா?"

"அமுக்கினா போவும்!"

லெயார்கோ பதினைந்தைப் பிடுங்கினான். சவுரோ பதிமூன்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். ரூடி வந்து இருவருக்கும் நடுவில் புகுந்து ஏறி உட்கார்ந்துவிட்டான்; வேறு யாரோ வந்து இருக்கைப் பட்டையைப் பூட்டினார்கள். விசில் ஊதி எல்லா மெக்கானிக்குகளையும் விரட்டினார்கள். வண்டிகள் கிளம்பின. வேலியோரத்தில் லெயார்கோ கையில் சவுரோவின் ஸ்பானர். சவுரோ கையில் லெயார்கோவின் ஸ்பானர். குழி காலி.

இனி நடந்தது வெறும் வடிவக் கணக்கு. முதல் வளைவிலேயே ரூடியின் வலது இடுப்பு குழிக்குள் இரண்டு விரற்கடை இறங்கிற்று. இடுப்பு இறங்கினால் கால் முன்னால் நகரும். கால் நகர்ந்தால் பாதம் ஆக்ஸிலரேட்டரை விட்டு வராது. ரூடி பந்தயம் முழுவதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டிய இடங்களில் மூடிக்கொண்டு, இருபத்தாறிலிருந்து இருபது, பதினேழு, பன்னிரண்டு என்று வந்தான். அவன் வருகிற சத்தத்தைக் கேட்டே சிலர் ஒதுங்கினார்கள். ஒரு உலக சாம்பியன் புல்வெளிக்கு இறங்கி வழிவிட்டு, வணக்கமும் வைத்ததாகச் சொல்வார்கள். வணக்கம் வைத்தது நிச்சயமில்லை.

கடைசிச் சுற்றில் ஏழாவது. முன்னால் போனவன் பயத்தில் அகலமாகப் போக, ஆறாவது. கோட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் எஞ்சின் வெடித்தது. அது சவுரோவின் பங்கு. அதே நொடியில் கியர்பாக்ஸ் தானாக நியூட்ரலில் விழுந்தது. இது லெயார்கோவின் பங்கு. புகைக்குள் எஸ்-19 சத்தமில்லாமல் உருண்டுவந்து ஆறாவதாகக் கோட்டைக் கடந்தது.

ஒரு புள்ளி. பத்தொன்பது வருஷத்தில் முதல் புள்ளி, கடைசி வண்டியில். ஊர்ப் பாதிரியார் கோயில் மணியை அடித்தார். கயிறு அறுந்ததும் வாளியை அடித்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் ஒரு வாய் காப்பி இறங்குவதற்குள் ஆரம்பித்தது.

"என் எஞ்சின் வெடிச்ச வேகம் இருக்கே, அதுதான்யா பின்னால இருந்து தள்ளிச்சு."

"செத்த எஞ்சினோட சக்கரம் இறுகியிருக்கும். என் பெட்டி நியூட்ரல்ல விழுந்ததாலதான் உருண்டுச்சு."

"உன் பெட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லு."

"உன் எஞ்சின் நல்லா இருக்கா? வா, ரெண்டையும் பாப்பம்!"

முதலாளி மேஜையைத் தட்டினார். "ஒரே வழி. சீட்டைத் தூக்குங்க. அடியில யார் பேரு இருக்கோ அவனோட வண்டி. இதோட வாய மூடிடணும், ரெண்டு பேரும்."

இருக்கை ஏறிய அன்று கடைசியாக எழுதியது தான்தான் என்று இருவருமே நம்பினார்கள். நான்கு போல்ட். லெயார்கோ இரண்டைக் கழற்றினான், சவுரோ இரண்டை. இருக்கையைத் தூக்கினார்கள். இரண்டு தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தன.

பென்சிலில் எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாரம் மாறி மாறித் தேய்த்ததில் மேல் அடுக்கு வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது. அதற்கு அடியிலிருந்து, கறுப்புத் துணிக்கும் கறுப்புத் துணிக்கும் நடுவே, மஞ்சள் நூலால் தைத்த எழுத்துகள் பிசினுக்குள் பளபளத்தன.

I, R, I… லெயார்கோ கடைசி வரை படிக்கவில்லை. மீதி D, E இரண்டையும் சவுரோதான் படித்தான்.

கார்பன் அறைக் கதவில் இரிதே கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"பென்சில அழிச்சதும் நான்தான். பொருத்தறதுக்கு முன்னால தரையத் துடைக்கணும்ல? ரெண்டு பேரும் கிறுக்கியிருந்தீங்க. குப்பையா இருந்துச்சு."

"இது… எஸ்-19ல மட்டுமா?" என்றான் சவுரோ.

"பத்தொம்பது வண்டியிலயும். உன் பதினெட்டுப் பேருக்கும் அடியில நான்தான் இருந்தேன். கோவேறுலயும் இருக்கேன்."

"கோவேறுலயுமா?" லெயார்கோவின் குரல் கிறீச்சிட்டது. "என் கோவேறுலயா? ஒரு வார்த்தை சொன்னியா என்கிட்ட?"

"சொல்லியிருந்தா நீ சூப்பக் குடிச்சிருப்பியா?"

சவுரோ லெயார்கோவின் ஸ்பானரை எடுத்து அவன் பாக்கெட்டில் செருகினான். லெயார்கோ சவுரோவின் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே பக்கம் திரும்பி, ஒரே ஆளைப் பார்த்தார்கள். இரிதே கதவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். யாரோ பழக்க தோஷத்தில் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அது கொதித்து மூடியைத் தூக்கியது.

எஸ்-19 இன்றைக்கும் சவொரானியின் பழைய சூளை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய எஞ்சின் வராததால் அதில் எஞ்சின் பொருத்தப்படவே இல்லை. அப்படியானால் இமோலாவில் வெடித்தது எது என்று கேட்டால், கஸாதியோ இன்னொரு கிளாஸ் ஊற்றுவான்.